அட்டையின் பின்பக்கம்

மார்ச் 11, திங்கள்

இவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். பேசினால் பொறாமை என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன். அதனால் எனக்குக் கிடைத்தது மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் இன்று குற்றாலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தியதைப் பார்த்துக் கை தட்டினேன். இனி எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன்.

குற்றாலிங்கமும் நானும் நூலகவியலில் ஒரே வகுப்பு. தங்கப் பதக்கம் எனக்கு. அவன் இரண்டாம் வகுப்பு, அதுவும் ஒரு தாளை மறுபடி எழுதி. பாளையங்கோட்டையில் இந்த அனந்தப்பர் ஆய்வு நூலகத்தில் நான் சேர்ந்து ஆறு வருஷம் கழித்துத்தான் அவன் வந்தான். இன்று அவன் துணை இயக்குநர். நான் பட்டியல் பிரிவு. இயக்குநர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்பது வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவருக்கும் தெரியும்.

பொன்னாடை 'குரலகம்' இணையதளத்துக்காக. பேராசிரியர் அருமைநாயகம் நாற்பது வருஷத்துக்கு முன் ஊர் ஊராகப் போய் ஒலிநாடாவில் பதிந்த எழுநூறு பாட்டுகளையும் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி ஏற்றியிருக்கிறான். அந்தப் பாட்டுகளின் தலைப்பு, ஊர், பாடியவர் பெயர் எல்லாம் எங்கிருந்து வந்தன? என் பட்டியலிலிருந்து. இருபது வருஷத்துக்கு முன் இந்த நூலகத்தின் நாற்பத்தோராயிரம் பட்டியல் அட்டைகளையும் தனியாளாகக் கணினியில் ஏற்றினேன். பதினான்கே மாதம். மற்ற இடங்களில் இழுப்பறைக்குள் அட்டைகளைக் கோர்த்திருக்கும் அடிக்கம்பியை உருவி, அட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடித்துவிட்டுத் திரும்பக் கோர்ப்பார்கள். நான் கம்பியை உருவவே இல்லை. இழுப்பறையை அப்படியே மேஜையில் வைத்து, அட்டையைத் தள்ளித் தள்ளி அடித்துக்கொண்டே போனேன். முடித்த அட்டையின் மூலையில் பச்சை மையில் ஒரு சரி, பக்கத்தில் ஆ.சி. ஆ. சிதம்பரநாதன். அந்த வேகத்தை இந்த மாவட்டத்தில் இன்னும் யாரும் எட்டவில்லை.

மேடையில் குற்றாலிங்கம் என் பெயரைச் சொன்னான். "நண்பர் சிதம்பரநாதன் உதவி இல்லாமல் இது நடந்திருக்காது."

உதவி.

மார்ச் 12, செவ்வாய்

பொன்னாடை என்ன நிறம் என்று செண்பகம் கேட்டாள். அரக்கு என்றேன். கரை அகலமா என்றாள். நான்கு விரல், உள்ளே மாங்காய் என்றேன்.

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க. நம்ம பொண்ணு கல்யாணத்துல நான் என்ன சேலை கட்டியிருந்தேன்னு கேட்டா முழிப்பீங்க," என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

பச்சை என்று நினைக்கிறேன். சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

மூன்றாம் தளத்தில் வெள்ளிப்பூச்சி. பன்னிரண்டு அலமாரிகளைக் காலி செய்து, துடைத்து, மருந்து வைத்தோம். கழுத்து வலி. குற்றாலிங்கம் டெல்லியில் கருத்தரங்குக்குப் போயிருக்கிறான், பத்துப் பன்னிரண்டு நாள். பூச்சி டெல்லிக்குப் போவதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

துணை இயக்குநரைப் பார்க்க ஒரு பெண் வந்தார். அவன் இல்லாததால் என்னிடம் அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். பேச்சித்தாய், ஊர் ஆலங்கிணறு, பீடி சுற்றுகிறவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இங்கனதான் எங்கம்மைய வச்சிருக்கீங்களாமே," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. செல்போனை நீட்டினார். அதில் ஒரு வீடியோ: ஒருவன் மோட்டார் சைக்கிளில் போகிறான், முடி பறக்கிறது, பின்னணியில் உச்சத்தில் ஒரு பெண்குரல்.

"இது எங்கம்மை மாடத்தி. செத்து இருவத்திரெண்டு வருசமாச்சு. மருமவன் போன்ல வந்துச்சு. போன வாரம் ஒரு கல்யாண வீட்ல இதப் போட்டு ஆடுதானுவ."

"நல்ல குரல்," என்றேன்.

"குரலு நல்லாத்தான் இருக்கும். சாமி வரணும்லா."

அப்புறம் சொன்னார். அது வரத்துப் பாட்டு. முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவில் அம்மனை அழைக்கிற பாட்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் பாடுவது, வருஷத்தில் ஒரே நாள். அழைத்தவளே கடைசியில் மலையேற்றுப் பாட்டும் பாடி அம்மனை அனுப்பி வைக்க வேண்டும். பேராசிரியரின் நாடாவில் வரத்து மட்டும்தான் பதிவாகியிருக்கிறது.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கா எங்கம்மை. அனுப்பி வைக்க ஆளில்ல. எவன் எவனோ தட்டித் தட்டிக் கூப்பிட வைக்கான். நீங்க படிச்சவிய. உங்க அம்மைய இப்படிச் செய்வியளா?"

இதை வெளியிட்டது நான் இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குப் பஸ் ஏறி வாரேன்?"

மனுவை நானே எழுதினேன். நல்ல மனு. எங்கே விரல் வைக்க வேண்டும் என்று காட்டினேன். வைத்துவிட்டு, மையைத் தலையில் துடைத்தபடி கேட்டார்:

"அந்தப் பேராசிரியர் ஐயா, ஊருக்குப் போட மாட்டோம்னு எழுதி அம்மைகிட்ட ரேகை வாங்கிட்டுத்தான் போனாராம். அந்தத் தாளு இங்க இருக்கும்லா?"

தேடிப் பார்க்கிறோம் என்றேன்.

மார்ச் 20, புதன்

பழைய அட்டை அலமாரி பைண்டிங் அறைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். ஒலிநாடா இழுப்பறையின் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு உருவினேன்.

நாடா 318. வரத்துப் பாட்டு. ஆலங்கிணறு. பாடியவர் மாடத்தி. 23 நிமிடம். மூலையில் பச்சைச் சரி, ஆ.சி.

திருப்பினேன். பின்பக்கம் முழுக்கப் பேராசிரியரின் பொடிக் கையெழுத்து.

'மாடத்தி கேட்டுக்கொண்டது: ஆய்வுக்கு வருகிறவர் ஒருவர் தனியே இருந்து கேட்கலாம். கூட்டத்தில் ஓட்டக் கூடாது. அவள் வீட்டுப் பெண்கள் சம்மதமில்லாமல் படி எடுக்கவோ வெளியே கொடுக்கவோ கூடாது. ஒப்புக்கொண்டேன். அருமைநாயகம், 14.5.1979.'

கீழே ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. நேற்று அச்சிட்டதுபோல இருந்தது.

நாலு தடவை படித்தேன். சந்தோஷத்தில் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷம் இது இந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்திருக்கிறது. எழுநூறு பாட்டை உலகத்துக்கு ஏற்றுகிறவன் ஒரு தடவை இங்கே வந்து ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? பட்டியலை மட்டும் நம்பி வேலை செய்கிறவனை என்னவென்று சொல்வது?

அட்டையை இந்த நாட்குறிப்புக்குள் வைத்திருக்கிறேன். பத்திரத்துக்காக.

மார்ச் 21, வியாழன்

கேன்டீன் டீ இன்று நன்றாக இருந்தது.

மார்ச் 27, புதன்

குற்றாலிங்கம் வந்துவிட்டான். பெட்டியை வீட்டில் வைத்த கையோடு என் மேஜைக்கு வந்தான், கையில் மனு.

"என்னவே பதக்கம், ஆலங்கிணத்து அம்மா வந்திருந்தாங்களாமே."

முப்பது வருஷமாக அவன் என்னைப் பதக்கம் என்றுதான் கூப்பிடுகிறான். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் வருஷம் நானும் சிரித்தேன்.

"ரேகை வாங்கினாருன்னு சொல்லுதாங்களே. அந்தக் கார்டுல பின்னால ஏதும் எழுதியிருந்துச்சா? நீருதானே ஏத்தினீரு."

"இருந்திருந்தால் ஏற்றியிருப்பேனே."

"அதுவும் சரிதான். நீரு விட மாட்டீரு."

நம்பிவிட்டான். அது எனக்கு ஏன் எரிச்சலாக இருந்தது என்று தெரியவில்லை. பிறகு அவனே போய் இழுப்பறையைத் திறந்து பார்த்தான். 317 இருந்தது, 319 இருந்தது. கம்பியைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்தான். இழுப்பறையை மூடினான்.

மாலையில் நிர்வாகக் குழு கூடியது. பேராசிரியர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன, ஆகவே அவர் நூலகத்துக்குக் கொடுத்த பெட்டியில் இருந்ததெல்லாம் பொதுச் சொத்து, தளத்திலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை என்று வழக்கறிஞர் உறுப்பினர் சொல்லிவிட்டாராம். தப்பு. நாட்டுடைமை ஆனது அவர் எழுதியது. மாடத்தி பாடியதை அவரா எழுதினார்? பாடியவருக்கு உரிமை உண்டு என்பது சட்டத்துக்குள் பின்னால்தான் வந்தது, இது அதற்கு முந்தைய பதிவு என்று யாராவது வாதாடலாம். ஆடட்டும். நிபந்தனையோடு வாங்கிய பொருளை நிபந்தனையோடுதான் நூலகம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அசந்த இடத்திலும் கொடுத்த வாக்கு விழித்திருக்கும். இதைப் பத்து நிமிஷத்தில் குழுவுக்குப் புரிய வைத்திருப்பேன். என்னை யார் கூப்பிட்டார்கள்?

ஏப்ரல் 4, வியாழன்

பேச்சித்தாய் மறுபடி வந்தார். இந்தத் தடவை குற்றாலிங்கம் அறையை விட்டு வந்து, வாசல் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். டீ வாங்கிவரச் சொன்னான். துணை இயக்குநர் வாசல் பெஞ்சில் உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சித்திரை பதினேழு கொடை. இந்த வருசம் நான் பாடப் போறதில்ல," என்றார் பேச்சித்தாய்.

"ஏன்ம்மா?"

"பாட்டு பஸ்ஸுல ஓடுது, சலூன்ல ஓடுது. ஊரு பூரா சலிச்சுப் போன பாட்டுக்கு அம்மன் எதுக்கு வாரா? நான் பாடலன்னா கொடை இல்லங்காவ ஊர்ல. எங்க கொழுந்தன் பேச்சை நிறுத்திட்டாரு. என்ன செய்யச் சொல்லுதிய?"

குற்றாலிங்கம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வாரம் பொறுங்கம்மா," என்றான்.

போகும்போது பேச்சித்தாய் என் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்தத் தாளு கெடச்சுதா?"

"இன்னும் இல்லை," என்றேன்.

என் பை தோளில் தொங்கியது. இன்று கனமாக இருந்தது. சாப்பாட்டு டப்பா, தண்ணீர்ப் பாட்டில், இந்த நாட்குறிப்பு எல்லாம் அதற்குள்தானே.

ஏப்ரல் 8, திங்கள்

அலமாரியில் எதையோ தேடிய செண்பகம் நாட்குறிப்பை நகர்த்தியிருக்கிறாள். அட்டை கீழே விழுந்துவிட்டது.

"இது யாரு ரேகை?"

"ஆபீஸ் விஷயம்."

"ஆபீஸ் விஷயம்னா ஆபீஸ்ல இருக்கணும்லா?"

எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு எதைப் பற்றியும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

எடுத்துவிட்டான். குழுவைக் கேட்கவில்லை, இயக்குநரைக் கேட்கவில்லை. காலையில் வந்து 318-ஐ நீக்கினான். அதோடு நிறுத்தாமல் கோயிலில் மட்டும் பாடுகிற நூற்றுப்பன்னிரண்டு பாட்டுகளையும், அந்தந்த வீட்டாரைக் கேட்கும்வரை மூடி வைத்துவிட்டான். பாட்டை எடுத்து வீடியோவில் போட்டிருந்தவர்களுக்கெல்லாம் நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறான். பாட்டு இருந்த இடத்தில் ஒரு அறிவிப்பு: 'இந்தப் பாட்டுக்கு உரிய குடும்பத்தைக் கேட்காமல் வெளியிட்டது எங்கள் தவறு.' கீழே அவன் பெயர்.

குழுச் செயலாளருக்குக் கோபம். விளக்கம் கேட்கப் போகிறார்களாம்.

ஒருவன் செய்த தப்பை ஒப்புக்கொண்டால்கூட அதற்குக் கீழே பெரிய எழுத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

செய்தித்தாளில் படம். பேச்சித்தாய் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார். என்னைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. மனு எழுதிக் கொடுத்தவன் நான்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கொடைக்குப் போய் வந்தேன். போக நினைக்கவில்லை. குற்றாலிங்கம் விடவில்லை. "வாரும்வே, மதியக் கொடைதான். சாயந்தரம் வீட்டுக்கு வந்துரலாம்."

ஆலங்கிணற்றில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கோயில் என்றால் ஒரு சின்னக் கட்டடம், முன்னால் ஓலைப் பந்தல், சுற்றிலும் படுதா கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே கொடைக்கு உரிய குடும்பங்கள் மட்டும். செல்போன்களையெல்லாம் வாசலில் ஒரு சாக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். யாரோ பானகம் கொடுத்தார்கள்.

குற்றாலிங்கம் மெதுவாக ஆரம்பித்தான். "நாப்பத்தோராயிரம் கார்டுவே. நானா இருந்தா நாலாயிரத்துலயே ஓடியிருப்பேன்."

பானகத்தைக் குடித்தேன்.

"அதுல பின்னால பாக்க விட்டுப்போச்சுன்னா விட்டுப்போச்சு. தளத்துல ஏத்தினவன் நான். அசலப் போயி நான்தான் பாத்திருக்கணும். விளக்கம் கேட்டா என் பேர்லயே எழுதிக் குடுத்திருவேன். நீரு ஒண்ணும் நெனைக்காதீரும்."

அவனுக்குத் தெரியும். எண்ணெய் மணத்தை அன்றைக்கே முகர்ந்திருக்கிறான். ஒரு மாதமாகத் தெரிந்தே என்னோடு டீ குடித்திருக்கிறான்.

நாட்குறிப்போடு பை என் மடியில் இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்: ஜிப் மேல் கை வைத்தேன். எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போது படுதாவை விலக்கிக்கொண்டு பேச்சித்தாயின் கொழுந்தன் வந்தார்.

"சார, மதினி உள்ள வரச் சொல்லுதாவ."

இருவரும் எழுந்தோம்.

"இல்ல, இவரு மட்டும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க நிழல்ல இருங்கய்யா. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்," என்றார்.

குற்றாலிங்கம் சட்டையைக் கழற்றினான். "இதப் பிடியும்வே," என்று சட்டையையும் செல்போனையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். நான் அவன் சட்டையை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு வெளியே கேட்டது. நாடாவில் கேட்டது போல இல்லை. இழுத்து, விட்டு, சண்டைக்குக் கூப்பிடுவதுபோல ஒரு குரல். குலவை எழுந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாம் அடங்கி, வேறு ஒரு பாட்டு தொடங்கியது. சின்னப் பாட்டு. வீட்டுக்கு வந்தவரை வழியனுப்பும்போது வாசலில் நின்று பேசுவதுபோல. அது எந்த நாடாவிலும் இல்லை. பட்டியலில் சேர்க்க வேண்டியதும் இல்லை.

பஸ்ஸில் அவன் தூங்கிவிட்டான், நெற்றியில் மஞ்சளோடு. தலை என் தோளில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது.

மே 3, வெள்ளி

குழு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டது. செயலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நிபந்தனை ஏதும் பதிவில் இல்லை என்றால் நீக்கியது தன்னிச்சையான காரியம். இருந்தது என்றால் ஏற்றியது கவனக்குறைவு. "ஆதாரம் ஒண்ணு கிடைச்சா தெளிவாயிரும் சார். பதினஞ்சாம் தேதி நேர்காணல். நீங்களும் விண்ணப்பம் போட்டிருக்கீங்கல்லா?"

ஆமாம், இயக்குநர் பதவிக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதி. அதை இங்கே எழுத விட்டுப்போயிருக்கிறது.

மே 6, திங்கள்

நேற்று முழுக்க யோசித்து, இன்று வண்ணார்பேட்டையில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து குழுவுக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். என் கையெழுத்து நூலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பக்கம்தான். நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். பாடியவருக்கு இந்த நூலகம் எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. அதை மீறித் துணை இயக்குநர் பாட்டை ஊருக்கு ஏற்றிப் பேர் வாங்கினார். குடும்பம் வந்து கேட்டதும், யாருடைய அனுமதியும் இல்லாமல், அவசர அவசரமாக நீக்கினார். நிபந்தனை இருந்தது முன்பே தெரியாமல் ஒருவர் இத்தனை அவசரப்படுவாரா? தவறு என்று பெயர் போட்டு ஒப்புக்கொள்வாரா? அந்த அட்டை இழுப்பறையில் இல்லை. அதை எடுத்தது யார், யாருக்கு அது இடைஞ்சல் என்று குழுவே யோசிக்கட்டும். நான் எதையும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அட்டையை நகல் எடுக்கக் கொடுத்தேன். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் எடுக்கணுமா சார்?"

"பின்பக்கம் மட்டும் போதும்," என்றேன்.

முன்பக்கத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எண், தலைப்பு, ஊர், பெயர். எல்லாம் பட்டியலில் இருக்கிறது. நகலில் ரேகை கறுப்பாக, கொஞ்சம் மங்கலாக விழுந்திருக்கிறது. பரவாயில்லை, படிக்க முடிகிறது. அசல் இந்தப் பக்கங்களுக்கு நடுவிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து உறையை ஒட்டினேன். செண்பகம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காயைப் பார்த்தாள்.

"பச்சை," என்றேன்.

"என்னது?"

"கல்யாணத்துல நீ கட்டியிருந்த சேலை."

"நீலம்," என்றாள்.

கடிதத்தின் கீழே பெயர் போடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். போட்டால், பதவிக்கு ஆசைப்பட்டு எழுதினேன் என்பார்கள். சொன்ன விஷயத்தை விட்டுவிட்டுச் சொன்னவனைப் பிடித்துக்கொள்வார்கள். முப்பது வருஷமாக இந்த நூலகத்தில் நான் செய்த எந்த வேலையிலும் என் பெயர் இல்லை. இதிலும் வேண்டாம். கையெழுத்து இல்லாமலே நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடப் போகிறேன்.